பழுப்புப் பல்லும் ஒரு பிழைத்திருத்தமும்

செமஸ்டர் லீவு விட்டு வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் ஆகிறது. இந்தப் பதினைந்து நாளில் நான் செய்த சாதனைகள்: தினமும் எட்டு மணிக்கு எழுந்து ஆயாவிடம் திட்டு வாங்கியது, மூன்று வேளையும் மூக்கு முட்டச் சாப்பிட்டது, பாப்பாவுக்கு (தங்கச்சி, ஐந்தாம் வகுப்பு, எங்கள் வீட்டின் நிஜமான முதலாளி) பின்னக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போய் ஸ்கேலால் அடி வாங்கியது, அப்புறம் ஒரு நாவல் படித்தது. கடைசியாகச் சொன்னதில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

நாவலின் பெயர் ‘தண்ணீர்’. எழுதியவர் அசோகமித்திரன். லீவுக்கு ரெண்டு புத்தகம் எடுத்துப் போகலாம் என்று காலேஜ் லைப்ரரியில் சொன்னார்கள். ஒன்று காஸ்ட் அக்கவுன்டிங் (எடுத்ததோடு சரி, இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை). இன்னொன்று இது. இதைத் தேர்ந்தெடுக்க இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. அலமாரியில் இருந்ததிலேயே ஒல்லியான புத்தகம் இதுதான் :-)

அசோகமித்திரன் 1931ல் செகந்திராபாத்தில் பிறந்தவர், 2017ல் காலமானார். 1996ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியவர். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். 1970களின் தொடக்கத்தில் வந்த நாவல் இது. மெட்ராஸில் ஒரு தெரு. அந்தத் தெருவில் தண்ணீர் இல்லை. ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை ரெண்டு பேர், பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. இவர்களுக்கு இருக்கிற பிரச்சினைகளுக்கு நடுவில் தினமும் ஒரு குடம் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டியிருக்கிறது. பெரிய சண்டை இல்லை, வில்லன் இல்லை. ஒரு ராத்திரியில் படித்து முடித்துவிட்டேன். முடித்தபோது மணி ஒன்றரை. எழுந்து போய் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தேன். சத்தியமாக அன்றைக்கு அந்தத் தண்ணீர் வேற மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா களி கிண்டிக்கொண்டு இருந்தாங்க. அடுப்படி வாசப்படியில் குந்திக்கொண்டு சும்மா கேட்டேன்.

“ஏம்மா, நீ கல்யாணம் ஆகி வந்தப்போ இந்த வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?”

அம்மா துடுப்பை நிறுத்தாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. இவன் எதுக்கு இதைக் கேட்கிறான் என்கிற பார்வை. அப்புறம் சொல்ல ஆரம்பித்தாங்க பாருங்கள், களி ஆறிப் போய் கல் மாதிரி ஆகிவிட்டது.

(இனி கொசுவத்தி அம்மாவுடையது.)

மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு அடி பம்பு. விடியக்காலை நாலரைக்குப் போய் குடத்தை வரிசையில் வைக்க வேண்டும். குடம் வைக்க முடியாதவர்கள் அடையாளத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல்லை எவளாவது தள்ளி வைத்துவிட்டால் அன்றைக்குப் பஞ்சாயத்துதான். பம்பு அடிக்க அடிக்க வெறும் காற்று வரும், பிறகு கொஞ்சம் செம்மண் கலங்கலாக, பிறகு தண்ணீர். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. ஒரு நாளைக்கு எட்டு நடை. நான் வயிற்றில் இருந்தபோது ஆறு நடை. “உனக்காக ரெண்டு நடை தள்ளுபடி குடுத்தாங்க உங்க ஆயா” என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாங்க.

சிரிக்கும்போது அம்மாவின் இடது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது.

இதை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். அம்மா சிரித்தால் கை வந்துவிடும். கையில் மாவு இருந்தால் முந்தானை வரும். முந்தானையும் இல்லை என்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாங்க. சின்ன வயதில் அதை வெட்கம் என்று நினைத்தேன். கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவில்கூட அம்மாவின் வாய் திறந்திருக்காது. அப்பா ஈ என்று இளித்துக்கொண்டு நிற்பார், பக்கத்தில் அம்மா பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி நிற்பாங்க.

காரணம் வெட்கம் இல்லை, பல். அம்மாவின் முன்பல்லில் பழுப்புப் பழுப்பாகப் பட்டை இருக்கும். எனக்கும் உண்டு. எங்கள் பக்கத்தில் காவிப் பல் என்பார்கள். எங்கள் ஊரில் என் வயதுப் பையன்கள் பாதிப் பேருக்கு இருப்பதால் ஊருக்குள் இது ஒரு விஷயமே இல்லை. ஊரை விட்டு வெளியே போகும்போதுதான் விஷயம். காலேஜில் சேர்ந்த முதல் வாரம் ஒருத்தன் ரொம்ப அக்கறையாக “மச்சி, நீ பான்பராக் போடுவியா?” என்று கேட்டான். அவ்வ்வ்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்பில் எனக்குப் புதுப் பல் முளைத்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு நாள் வகுப்பில் ஒருவர் எல்லோரையும் பல்லைக் காட்டச் சொன்னார். என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, பல் விளக்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். நான் தினமும் விளக்குகிறவன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செங்கல் தூள், அடுப்புக்கரி, உப்பு என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுத் தேய்த்தேன். ஈறு கிழிந்து ரத்தம் வந்ததே தவிர பழுப்பு போகவில்லை. அம்மா ஓடி வந்து கையைப் பிடித்தபோது கத்தினேன்:

“நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ நீ ஒழுங்கா வெளக்கி வுட்டிருந்தா எனக்கு இப்படி ஆகியிருக்குமா?”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் இருந்த ஆயா மட்டும் தன் பங்குக்கு, “அவளுக்கே வெளக்கத் தெரியாது, புள்ளைக்கு எங்க வெளக்கி வுடப் போறா” என்று ஒரு போடு போட்டது. ஆயாவுக்கு அந்தப் பேச்சு பேச ஒரு தகுதி இருந்தது. ஆயா பிறந்தது மேட்டூர் பக்கம், காவேரி ஓரம். இருக்கிற வரைக்கும் ஆயாவின் பல் பூண்டுப் பல் மாதிரி வெள்ளையாக இருந்தது (வெற்றிலைக் கறையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால்).

அன்றைக்கு அம்மா அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்கு அப்புறம் பாப்பா பிறந்தாள். எனக்கும் அவளுக்கும் பத்து வருஷ வித்தியாசம். பாப்பாவுக்குப் பல் முளைத்த நாளில் இருந்து அம்மா காலையும் ராத்திரியும் அவளைப் பிடித்து மடியில் படுக்க வைத்துப் பல் விளக்கி விடுவாங்க. காய்ச்சல் வந்தாலும் சரி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, ஒரு நாள் தவறியது கிடையாது. பாப்பாவுக்கு ஏழு வயதில் புதுப் பல் வந்தது. பால் வெள்ளை!

வீட்டில் எல்லோரும் என்ன முடிவுக்கு வந்திருப்போம் என்று நீங்களே சொல்லுங்கள். பெரியவனுக்கு விளக்கி விடவில்லை, பல் கெட்டது. சின்னவளுக்கு விளக்கி விட்டாள், பல் பளிச். கணக்கு கச்சிதமாக டேலி ஆகிவிட்டது. அம்மாவே அதை நம்பினாங்க. பாப்பா சிரிக்கும்போதெல்லாம் அம்மா என் வாயை ஒரு தரம் பார்ப்பாங்க. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை.

சரி, நாவலுக்கு வருவோம். அதைப் படித்து, அம்மாவின் அடி பம்புக் கதையைக் கேட்ட பிறகு தண்ணீர் விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஜமுனாவின் தெருவில் தண்ணீரே இல்லை. எங்கள் ஊரில் அடித்தால் வந்துவிடும். நாம் தேவலை என்றுதான் முதலில் நினைத்தேன். போனை எடுத்து தர்மபுரி, தண்ணீர் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தது. ‘ஃபுளோரைடு’ என்கிற வார்த்தையில் மாட்டிக்கொண்டு விடிய விடியப் படித்தேன். பரீட்சைக்குக்கூட இப்படி முழித்ததில்லை.

படித்ததை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்தின் அடியில் இருப்பது கெட்டியான பாறை. அந்தப் பாறையில் இருக்கிற சில தாதுக்களில் ஃபுளோரைடு உண்டு. மழைத் தண்ணீர் கீழே இறங்கிப் பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தேங்கி நிற்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகிறது. கிணறு வற்ற வற்ற நாம் ஆழமாகப் போர் போட்டுக்கொண்டே போகிறோம். பாறைக்குள் ரொம்ப நாள் ஊறிய தண்ணீர்தான் மேலே வருகிறது. இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் கிடையாது. பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீரிலும் இருக்கலாம். காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போவதால் மிச்சத்தில் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஃபுளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரைக்கும் போகலாம் என்பது இந்தியத் தர அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவும் 1.5தான். கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது, சொத்தை வராது. டூத் பேஸ்ட்டில் அதனால்தான் சேர்க்கிறார்கள் (பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம், தண்ணீரை விழுங்குகிறோம்). அளவு தாண்டினால்தான் வில்லங்கம்.

இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம். பல்லின் மேல் இருக்கிற எனாமல், பல் வெளியே வருவதற்கு முன்னாலேயே ஈறுக்குள் உருவாகிவிடுகிறது. முன்பல்லுக்கு அது நடப்பது முதல் சில வருஷங்களில், குழந்தை தவழ்ந்து நடந்துகொண்டு இருக்கும்போது. கடைவாய்ப் பல்லையும் சேர்த்தால் எட்டு வயது வரைக்கும். அந்தச் சமயத்தில் ஃபுளோரைடு அதிகமாக உள்ளே போனால் எனாமல் உருவாகும்போதே கோளாறாகி விடுகிறது. பல் முளைத்து வரும்போதே அந்தக் கோளாறோடுதான் வருகிறது. பழுப்பு எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தாலும் சரி, தங்க பஸ்பம் போட்டுத் தேய்த்தாலும் சரி, போகாது. விளக்கினதற்கும் விளக்காததற்கும் இதில் சம்பந்தமே இல்லை.

இந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டு இருந்தாள். வெள்ளைப் பல்.

அவளுக்கும் எனக்கும் நடுவில் என்ன மாறியது? அம்மாவின் பிரஷ் மட்டுமா?

ஒகேனக்கல் தண்ணி!

2008ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானிடம் கடன் வாங்கி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவேரித் தண்ணீர் கொண்டு வந்த திட்டம். 2013ல் திறந்தார்கள். திட்டத்தின் பெயரே ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம். பெயரிலேயே காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் முழுப் பெயரைப் படித்ததில்லை, அதுதான் பிரச்சினை. எங்களுக்கு அது ‘ஒகேனக்கல் தண்ணி’, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஒகேனக்கல் எங்களுக்கு எட்டாத ஊரே இல்லை. எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கம். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், காவேரியில் குளித்து, மீன் வறுவல் தின்று, பரிசலைப் பார்த்துவிட்டு (அப்பா ஏற விடமாட்டார், காசு) திரும்பி வருவோம். அவ்வளவு தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து போர் தண்ணீர் குடிப்போம். ஆறு கீழே பள்ளத்தில் ஓடுகிறது, ஊர்களெல்லாம் மேட்டில். அதை மேலே ஏற்றிச் சுத்தப்படுத்திக் குழாயில் விடுவதற்குத்தான் அத்தனை கோடியும் அத்தனை வருஷமும்.

எங்கள் தெருக் குழாயில் முதல் தரம் அந்தத் தண்ணீர் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆயா ஒரு சொம்பு பிடித்து வாயில் வைத்தது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “எங்கம்மா வூட்டுத் தண்ணி வந்துருச்சு” என்றது. மேட்டூரில் தான் குடித்து வளர்ந்த அதே ஆற்றுத் தண்ணீர் ஐம்பது வருஷம் கழித்துத் தேடி வந்துவிட்டது என்று அன்றைக்கு முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது. அம்மாவின் சந்தோஷம் வேறு. துவரம்பருப்பு சீக்கிரம் வெந்தது. டீ கறுத்துப் போகாமல் நல்ல நிறமாக வந்தது. அதனால் அன்றில் இருந்து குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணி, மற்றதுக்கு எல்லாம் போர் தண்ணி என்று அம்மா ரெண்டு குடமாகப் பிரித்துவிட்டாங்க. அதற்கு அப்புறம்தான் பாப்பா பிறந்தாள்.

பாப்பாவின் பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டு இருந்தபோது அவள் குடித்தது அந்தத் தண்ணீர். பருப்பு வேக வேண்டும் என்பதற்காக அம்மா பிரித்து வைத்த குடம் பாப்பாவின் பல்லையும் காப்பாற்றிவிட்டது. எனக்கு அந்த வயதில் கிடைத்தது மாரியம்மன் கோயில் பம்பு. அம்மாவுக்கு அவங்க ஊர்ப் பம்பு. ஆயாவுக்கு ஆறு. எங்கள் வீட்டில் நாலு பேரின் பல்லை வரிசையாகப் பார்த்தால் யார் யார் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தோம் என்று படித்துவிடலாம்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901ல் பிரெடெரிக் மெக்கே என்ற பல் டாக்டர் வந்தார். ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கும் பழுப்புப் பல். பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார்கள், மட்டமான பால் குடிப்பதால் என்றார்கள். மெக்கே பல வருஷம் இதன் பின்னாலேயே அலைந்தார். 1923ல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சின்ன ஊருக்குப் போனார். தூரத்தில் இருந்த ஒரு வெந்நீர் ஊற்றில் இருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு இப்படி ஆனது என்று அங்கே பெற்றவர்கள் சொன்னார்கள். அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார் மெக்கே. மாறினார்கள். சில வருஷத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கறை இல்லாத பல் முளைத்தது. என்னையும் பாப்பாவையும் மாதிரியே அங்கேயும் அண்ணன் பழுப்பு, தங்கை வெள்ளை என்று எத்தனை வீடு இருந்திருக்கும்! தண்ணீரில் இருப்பது ஃபுளோரைடு என்று 1931ல்தான் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை டாக்டர்கள் எழுதி வைத்துவிட்டார்கள்.

1937! அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து ஒரு பையனை வகுப்பில் முன்னால் நிறுத்தி, பல் விளக்காதவன் என்று காட்டுகிறார்கள். விஷயம் புத்தகத்தில் இருந்தது. எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வரவில்லை. இன்னொரு நாள் சிலர் வந்து எங்கள் பல்லை எல்லாம் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு போனார்கள். என்ன எழுதினார்கள் என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பி.காம் முதல் வருஷத்தில் பிழைத்திருத்தம் என்று ஒரு பாடம் உண்டு. இருப்பாய்வு டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று நினைத்துவிடாதே என்று அதில் வரும். ஒருத்தர் பெயரில் எழுத வேண்டிய பற்றை இன்னொருத்தர் பெயரில் எழுதினாலும் மொத்தம் டேலி ஆகும். தப்பு வெளியே தெரியவே தெரியாது. மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கினேன். ஆனால் என் வீட்டிலேயே அப்படி ஒரு எண்ட்ரி இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. எழுதினவனே நான்தான்.

காலையில் எழுந்ததும் (ஆறு மணிக்கு! ஆயா மயக்கம் போடாத குறை) அம்மாவிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நம் வீடுகளில் மன்னிப்பு கேட்கிற பழக்கம் எல்லாம் கிடையாதே.

“அம்மா, என் பல்லு இப்படி ஆனதுக்கு நீ காரணம் இல்ல. போர் தண்ணிதான். நீ எப்படி வெளக்கி வுட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். உனக்கும் அதான். நான் அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன்.”

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாங்க. “என்னிக்கு?” என்று கேட்டாங்க. மறந்துபோன மாதிரி கேட்டாங்க. நான் செங்கல் தூள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், “பாப்பாவுக்கு நான் வெளக்கி வுட்டதனாலதானே நல்லா இருக்கு?” என்றாங்க. ஆக, மறக்கவில்லை. நான் எனாமல், ஈறு, பாறை, ரெண்டு குடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி புரியாவிட்டாலும் கடைசி வரைக்கும் கேட்டாங்க. விளக்கி விட்டது வீண் இல்லை, சொத்தை வராமல் இருக்கிறதே, ஆனால் பழுப்பு வராததற்குக் காரணம் தண்ணீர்தான் என்றேன்.

திண்ணையில் இருந்த ஆயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தது. காதுதான் இந்த வயதிலும் பாம்புக் காது ஆயிற்றே. கொஞ்ச நேரம் கழித்து யாரையும் பார்க்காமல், “எனக்கு யாரு சொன்னா இதெல்லாம். தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு அவள அப்படிப் பேசப் போறேன்” என்றது. மருமகளாக வந்த நாள் முதல் அம்மா இந்த வீட்டில் ஆயாவிடம் கேட்ட பேச்சுக்கு எல்லாம் கிடைத்த ஒரே ரசீது இதுதான் என்று நினைக்கிறேன். ஆயா உடனே பேச்சையும் மாற்றிவிட்டது. “அப்ப என் முட்டி வலிக்கும் இந்தத் தண்ணிதான் காரணமா?”

ரொம்ப வருஷம் இந்தத் தண்ணீரைக் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும் என்றும் படித்திருந்தேன். அதற்கு நல்ல பல் இருந்தாலும் தப்பிக்க முடியாது. ஆனால் ஆயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வயதாகவும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டினால்தான் தெரியும் என்று சொன்னேன். அடுத்த வாரம் தர்மபுரிக்குக் கூட்டிப் போகிறேன். இன்டர்நெட்டில் படித்துவிட்டு நானே டாக்டர் ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

இதற்குள் அம்மா போனை எடுத்துவிட்டாங்க. பாலக்கோடு பக்கத்தில் இருக்கிற சித்திக்கு. சித்தி மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், குழந்தைக்கு ஒரு வயது முடியப் போகிறது. அவர்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணி தினமும் வராது, வராத நாளில் போர் தண்ணிதான்.

“ஏண்டி, நம்ம பல்லு தண்ணியால ஆனதாம்டி. நம்ம மேல தப்பு இல்லியாம். பெரியவன் படிச்சுட்டு சொல்றான். நீ இன்னா பண்றே, கொழந்தைக்கு அந்தப் போர் தண்ணிய குடுக்காத. கஞ்சிக்கும் அத ஊத்தாத. காய்ச்சினாலும் போவாதாம். ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னிக்கு ரெண்டு குடம் தனியா புடிச்சு மூடி வெய்யி...”

நான் ஒரு ராத்திரி முழுக்கப் படித்ததை அம்மா அரை நிமிஷத்தில் சொல்லி முடிச்சுட்டாங்க. அந்தக் குழந்தைக்கு முன்பல் இப்போது ஈறுக்குள் உருவாகிக்கொண்டு இருக்கும். எனக்கும் அம்மாவுக்கும் கிடைக்காமல் போன செய்தி அதற்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏழு வயதில் அது சிரிக்கும்போது பார்க்க வேண்டும்.

சித்தி அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அம்மா சத்தமாகச் சிரித்தாங்க. ஒரு கையில் போன், இன்னொரு கையில் வெங்காயம். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை மெதுவாக வாய்க்கு வந்தது. இருபது வருஷத்துக்கும் மேலான பழக்கம், ஒரே நாளில் போய்விடாது. ஆனால் அன்றைக்கு அது கொஞ்சம் லேட்டாக வந்தது. அந்த இடைவெளியில் அம்மாவின் முழுச் சிரிப்பையும் நான் பார்த்துவிட்டேன்.

நன்றாகத்தான் இருந்தது. பழுப்புப் பட்டையோடு சேர்த்துத்தான்.

திருத்தப் பதிவு கீழே. அனாமத்துக் கணக்கு கூடத் தேவையில்லை, ரெண்டே வரி:

தண்ணீர் க/கு ... பற்று
அம்மா க/கு ... வரவு
(பல வருஷமாக அம்மா பெயரில் தவறாக எழுதப்பட்டிருந்த பற்று நீக்கப்பட்டது.)

சரி, பாப்பா பின்னக் கணக்கோடும் ஸ்கேலோடும் வந்து நிற்கிறாள். கிளம்புகிறேன். உங்கள் வீட்டில் யாராவது சிரிக்கும்போது வாயை மூடினால், வெட்கம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.